120 அங்குலத் திரையை இறக்கி 98 அங்குல டிவியை ஏற்றிய நாட்கள்

ஜூலை 5, 2025, சனி

சிங்கப்பூரின் பீஷானில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஆறாவது மாடி. வரவேற்பறைக் கூரையில் லேம்ப் புரொஜெக்டர், எதிர்ச்சுவரில் 120 அங்குல நிலைத்திரை. உட்காரும் இடத்திலிருந்து திரைக்கு 3.2 மீட்டர். லேம்ப் 3,400 மணி நேரம் ஓடிவிட்டது. புது லேம்ப் போடுவதா, டிவிக்கு மாறுவதா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டால் விடை தெளிவாகிறது. திரையின் பரப்பு 2.66 × 1.49 மீட்டர், அதாவது 3.97 சதுர மீட்டர். நிறம் சரிசெய்தபின் புது லேம்பில் கிடைத்தது 1,200 லூமன். லூமனைப் பரப்பால் வகுத்து, அதை 3.14-ஆல் வகுத்தால் திரையின் வெளிச்சம் நிட் என்ற அலகில் வரும்: சுமார் 96. லேம்ப் முதுமையில் பாதி வெளிச்சத்தை இழப்பது வழக்கம். இப்போது 48 நிட் அளவில் இருக்கிறது. டிஜிட்டல் திரையரங்கின் தரமும் அதே 48 நிட்தான். முழு இருட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் சமையலறை விளக்கு எரிந்தாலே கறுப்பு சாம்பலாகிவிடும். எச்டிஆர் படங்களை, அதாவது இருளுக்கும் ஒளிக்கும் இடையே வீச்சு கூடிய படங்களை, பெரும்பாலும் 1,000 நிட் உச்சத்தை வைத்துத்தான் நிறம் சேர்க்கிறார்கள். அதில் 48-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் சமாளிப்புதான். இந்த வீட்டில் பாதிப் பார்வை பகலில், திரைச்சீலை திறந்தபடி. ஆகவே டிவி.

ஜூலை 6, ஞாயிறு

அளவு. 3.2 மீட்டரில் 120 அங்குலத் திரை கண்ணுக்கு 45 பாகை விரிந்தது. 98 அங்குல டிவியின் அகலம் 217 செ.மீ.; அதே தூரத்தில் 37 பாகை சொச்சம். 85 அங்குலம் என்றால் 33 பாகைக்குக் கீழே போய்விடும். திரையரங்க அமைப்பாளர்கள் 30 பாகையைக் கீழெல்லையாகவும் 40 பாகையை நல்ல அளவாகவும் எடுத்துக்கொள்வார்கள். 85 போதும் என்று சொல்பவர்கள் பழைய 55 அங்குல டிவியிலிருந்து வருபவர்கள். புரொஜெக்டருக்குப் பழகிய கண் அதை ஒப்புக்கொள்ளாது. 98 என்றாலும் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அகலத்திரைப் படத்தில் அது இன்னும் உறைக்கும்: படத்தின் உயரம் 111-லிருந்து 91 செ.மீ.க்கு இறங்கும். சோபாவை 20 செ.மீ. முன்னால் இழுத்தால் 40 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். இழுக்க இடம் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

பணம் கட்டுவதற்கு முன் மின்தூக்கி. இதைச் செய்யாமல் வாங்கி, டிவி கீழ்த்தளத்திலேயே நின்றுபோன கதைகள் இங்கே ஏராளம்.

பெட்டியின் அளவு 240 × 147 × 29 செ.மீ. இந்தப் பிளாக்கின் மின்தூக்கி, 2001-இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தின்போது சேர்த்தது. கதவு 90 × 210, உள்ளே ஆழம் 150, அகலம் 140, உயரம் 230. படுக்கவாட்டில் 240 நுழையாது. குறுகிய பக்கத்தில் நிமிர்த்தினால் கூரை 230-இல் இடிக்கிறது. மூலைவிட்டமாகச் சாய்த்தாலும் பெட்டியின் தடிமன் விடுவதில்லை. பெட்டியைப் பிரித்து வெறும் பேனலைப் பக்கவாட்டில் சாய்த்தால் கதவு வழியே போகும், ஆனால் விரலளவு இடைவெளியில் 55 கிலோ கண்ணாடி. அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. பேனலின் ஓரம் ஒரு முறை தட்டினால் போதும், விரிசல் மூலையிலிருந்து புறப்பட்டுவிடும்.

மீதி வழி படிக்கட்டு. படியின் அகலத்தைவிட, திரும்பும் மேடையில் கைப்பிடிச் சுவருக்கு மேல் பெட்டியைத் தூக்கித் திருப்ப முடியுமா என்பதே முக்கியம். கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து மேலேயுள்ள படியின் அடிப்பகுதி வரை டேப் வைத்துப் பாருங்கள். இங்கே 160 செ.மீ. கிடைத்தது. 147 போகும். நான்கு ஆள், ஆறு மாடி, மாடிக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம். கடையிடம் இதை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது.

வீட்டு வாசலையும் அளக்க வேண்டும்: இரும்புக் கேட் முழுதாகத் திறந்தபின் மிஞ்சும் அகலம், தாழ்வாரத்தில் திருப்பும் இடம், ஷூ அலமாரி.

ஜூலை 11, வெள்ளி

புரொஜெக்டர் இறக்கம். அணைத்தபின் உள்விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. ஒருவர் ஏணியில் அடியைத் தாங்க, இன்னொருவர் திருகைக் கழற்ற வேண்டும். தனியாகச் செய்தால் கடைசித் திருகில் முழு எடையும் ஒரு பக்கம் சாயும். லேம்ப் கூண்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிவையுங்கள். அந்த லேம்பில் பாதரசம் இருக்கிறது, சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. விற்பதாக இருந்தால் சீக்கிரம் விற்றுவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் இல்லாமல் நான்கு மாதம் வைத்தால் லென்ஸில் பூஞ்சை நூல் விடும்.

கூரையிலுள்ள மின்செருகி இனி வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து இணைப்பைத் துண்டித்து மூடி போட்டார்.

திரையின் சட்டத்தைக் கழற்றியதும் பின்னால் வெளிறாத பெயின்ட், நான்கு துளை. பட்டி பார்த்து மேலே ஒரு கோட் பெயின்ட். டிவியின் பின்சுவர் அடர் சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளைச் சுவர் பின்விளக்கின் ஒளியை அறை முழுக்க இறைத்துவிடும்.

ஒரு தகவல்: புது டிவியைக் கொண்டுவரும்போது பழையதைக் கட்டணமின்றி எடுத்துச்செல்ல வேண்டும் என்ற விதி 2021 ஜூலை முதல் உண்டு. அது டிவிக்கு டிவி. கழற்றிய புரொஜெக்டரைக் கொடுத்து அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

ஜூலை 14, திங்கள்

சுவரில் துளை. சத்தம் போடும் வேலைக்கு வீவக அனுமதிப்பது வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை, அதனால்தான் திங்கட்கிழமை.

முதலில் 5 மி.மீ. பிட்டில் ஒரு சோதனைத் துளை. தூளின் நிறமே சுவரைச் சொல்லிவிடும். கடினமான சாம்பல் தூள் என்றால் கான்கிரீட். சிவப்பு என்றால் செங்கல். மாவுபோல் வெள்ளையாக, பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல் போனால் இலகுப் பலகைச் சுவர்; அதில் ஆங்கர் (துளைக்குள் விரிந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் உறை) போட்டால் சுவர் உள்ளுக்குள் நொறுங்கும், ஒட்டுபலகை ஒன்றைப் பல திருகுகளில் பரப்பி அதன்மேல்தான் தாங்கியைப் பூட்ட வேண்டும். இங்கே 20 மி.மீ. காரைக்குப் பின் சிவப்புத் தூள்.

பாம் ஷெல்ட்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுத் தற்காப்பு அறையின் சுவராக இருந்தால் கதையே வேறு. அங்கே துளை 10 மி.மீ. விட்டத்தையும் 50 மி.மீ. ஆழத்தையும் தாண்டக் கூடாது, உள்ளே செருகுவது உலோகமாக இருக்கக் கூடாது. இந்த எடைக்கு அது போதாது. தரையில் நிற்கும் ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள்.

உயரம். கண் மட்டம் 105 செ.மீ. டிவியின் நடு அதே மட்டத்தில் இருக்கவேண்டும் என்று பாடம் சொல்லும். ஆனால் நடு ஸ்பீக்கருக்கு இடம் வேண்டுமே. மேசை 40, ஸ்பீக்கர் 19, இடைவெளி 4. ஆக டிவியின் அடி 63-இல், நடு 124-இல், உச்சி 186-இல். 3 மீட்டரில் நான்கு பாகைக்கும் குறைவான ஏற்றம், கழுத்துக்குத் தெரியாது.

இதில் எல்லோரும் தவறும் ஓர் இடம்: பின்பக்கத் திருகுத் துளைகளின் நடுவும் பேனலின் நடுவும் ஒன்றல்ல. இந்த மாடலில் துளைகளின் நடு 6 செ.மீ. கீழே. பேனலின் நடுவைச் சுவரில் குறித்துத் தாங்கியை அங்கே வைத்திருந்தால் டிவி 6 செ.மீ. மேலே போயிருக்கும்.

டிவி 55 கிலோ, தாங்கி 9 கிலோ. எட்டு ஸ்லீவ் ஆங்கர், எம்8 போல்ட், 10 மி.மீ. துளை. காரையைக் கணக்கில் சேர்க்காமல், செங்கல்லுக்குள் 60 மி.மீ. இறங்க வேண்டும். காரை எடையைத் தாங்காது. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காவிட்டால் ஆங்கர் அடி வரை போகாது, பாதியில் விரிந்துகொள்ளும். ஐந்தாவது துளையில் சிவப்புத் தூள் நின்று மணல் கொட்டியது: செங்கல் இடைச்சாந்து. ஆங்கரைப் போட்டு முறுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்தது, இறுகவில்லை. அதை விட்டுவிட்டு 6 செ.மீ. தள்ளிச் செங்கல்லின் நடுவில் வேறு துளை போட்டு, பழையதைச் சாந்தால் அடைத்தாயிற்று. ரசமட்டத்தை வைத்தபடியே மேல்வரிசை நான்கையும் முதலில் இறுக்க வேண்டும். இழுவை முழுக்க மேல்வரிசையில்தான்.

ஜூலை 16, புதன்

டிவி வந்தது, 50 நிமிடத்தில் ஆறு மாடி. பெட்டியைத் தரையில் படுக்கப்போடக் கூடாது. எப்போதும் நின்ற நிலையில். ஆட்கள் இருக்கும்போதே, சுவரில் ஏற்றுமுன், ஒரு முறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் படம் ஒன்றை யூஎஸ்பியில் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விரிசல், செத்த புள்ளி, அழுக்குப் பட்டைபோல் தெரியும் சீரின்மை எல்லாம் அகப்பட்டுவிடும். சீரின்மையைத் திரைப்படத்தில் கவனிக்க மாட்டோம். கிரிக்கெட்டில் பந்தைத் துரத்திக் கேமரா பச்சைப் புல்லின்மேல் ஓடும்போது அப்பட்டமாகத் தெரியும்.

பின்பக்கத் துளையின் ஆழத்தை ஒரு தீக்குச்சி விட்டு அளந்து, நகத்தால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியின் தடிமனையும் வாஷரையும் சேர்த்தபின் திருகு அந்த அடையாளத்துக்கு 3 மி.மீ. முன்பே நிற்க வேண்டும். நீளமான திருகை வலுக்கட்டாயமாக முறுக்கினால் உள்ளே பேனலின் பின்தகட்டைத் தள்ளும். முன்னால் வெள்ளைப் புள்ளியாக அது தெரியும்போது திருத்த வழியில்லை.

ஜூலை 17, வியாழன்

கேபிள். ஆம்ப்ளிஃபையரிலிருந்து புரொஜெக்டருக்குப் போன 15 மீட்டர் ஒளியிழை எச்டிஎம்ஐயை இங்கே திரும்பப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். அது ஒருவழி, அந்த வகைப் பழைய கேபிள்கள் பலவும் டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்புவதில்லை. இப்போது தூரம் 2 மீட்டருக்கும் குறைவு. 48 ஜிகாபிட் தாங்கும் 3 மீட்டர் செம்புக் கேபிள் இரண்டு போதும். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் வாங்கும்போது பெட்டியிலுள்ள சான்று வில்லையைப் போனில் ஸ்கேன் செய்து பார்த்து வாங்குங்கள்.

டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே ஆம்ப்ளிஃபையருக்குத் திருப்பி அனுப்பும் வசதி ஏஆர்சி; அதன் மேம்பட்ட வடிவம் இஏஆர்சி. ஆம்ப்ளிஃபையர் பழையது, ஏஆர்சி மட்டும்தான், இஏஆர்சி இல்லை. ஏஆர்சியில் அட்மாஸ் என்ற சூழொலி சுருக்கிய வடிவில் வரும். ப்ளூரேயின் தரம் குறையாத ட்ரூஎச்டி ஒலி வராது. அதனால் டிஸ்க் பிளேயர் ஆம்ப்ளிஃபையருக்கு, அங்கிருந்து டிவிக்கு. விளையாட்டுப் பெட்டி மட்டும் நேரே டிவிக்கு, 4கே 120 ஹெர்ட்ஸுக்காக. ப்ளூரே படத்தில் நிறப் பட்டைகள் தெரிந்தால் கேபிளைச் சந்தேகிக்குமுன் டிவியின் எச்டிஎம்ஐ உள்ளீட்டு அமைப்பைப் பாருங்கள். பல டிவிகளில் அது தொடக்கத்தில் குறைந்த தரத்தில்தான் இருக்கும்.

ஜூலை 19, சனி

இந்த வேலையின் உயிர் ஒலியில் இருக்கிறது. புரொஜெக்டர் இருந்தபோது நடு ஸ்பீக்கர் துளைத்திரைக்கு, அதாவது ஒலி ஊடுருவும் நுண்துளைகள் கொண்ட அந்தத் திரைக்கு, பின்னால் நின்றது. பேசும் வாயிலிருந்தே குரல் வந்தது. டிவிக்குப் பின்னால் வைக்க வழியில்லை. கீழே வந்ததும் குரல் தரையிலிருந்து வருகிறது. ஸ்பீக்கரை மேசையின் முன்விளிம்பு வரை இழுத்து, முன்பக்கம் சற்று உயர, முன்னடியில் ரப்பர் ஆப்பு வைத்து, உட்கார்ந்தவர் காதை நோக்கிச் சாய்த்தோம். விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே இருந்தாலும் மேசைப் பலகையில் ஒலி பட்டுத் தெறித்துக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகும். முன்னால் இழுத்துவிட்டாலே பாதி சரி.

அடுத்தது அளவீடு. துளைத்திரை உச்ச ஒலிகளைக் கொஞ்சம் தின்னும். ஆம்ப்ளிஃபையர் அதை ஈடுகட்ட உச்சத்தைத் தூக்கிவைத்திருந்தது. திரை போனபின் பழைய அளவீட்டிலேயே கேட்டால் ‘ச’வும் ‘ஸ’வும் காதைக் கீறும். டிவியைக் குறை சொல்லிவிட்டு எத்தனையோ பேர் இதைக் கவனிப்பதில்லை. மைக் வைத்து எட்டு இடங்களில் புதிதாக அளந்தாயிற்று. இடது, வலது ஸ்பீக்கர்களின் முகத்தை டிவி கண்ணாடிக்கு 15 செ.மீ. முன்னால் கொண்டுவந்தோம், பின்தங்கி நின்றால் ஒலி கண்ணாடியில் பட்டுப் பாடகர் குரல் கலங்கும்.

ஒலித் தாமதம் 120 மில்லி வினாடி என்று இருந்தது. புரொஜெக்டர் படத்தைத் தாமதமாகக் காட்டியதற்காக எப்போதோ வைத்தது. அது அப்படியே கிடந்தால் உதடு முந்தி, குரல் பிந்தும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாயிற்று.

சப்வூஃபர் உறுமும்போது டிவியின் பின்தகடு ஒரு சுருதியில் அதிர்ந்தது. தாங்கியும் தகடும் தொடும் இரண்டு இடங்களில் ஃபெல்ட் ஒட்டியதும் நின்றது.

ஜூலை 20, ஞாயிறு

படம். டிவியின் பட அமைப்பு ஃபிலிம்மேக்கர் நிலையில், மின்சேமிப்பும் ஒளியுணரியும் அணைப்பு. இரவில் சாதாரணப் படங்களுக்கு 100 நிட் அளவு வெளிச்சம் போதும்; அதற்கு மேல் இருட்டறையில் கண் எரியும். கேமரா மெல்ல நகரும் காட்சிகள் புரொஜெக்டரில் இழைந்து ஓடின, இங்கே தத்தித் தத்திப் போவதுபோல் தெரியும். நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் அதே படம்தான், மாறவில்லை. வெளிச்சம் கூடியதால் சட்டத்துக்குச் சட்டம் உள்ள தாவல் கண்ணில் படுகிறது. அசைவைச் சீராக்கும் வசதியை அதிகபட்சம் 2-இல் வையுங்கள். அதைத் தாண்டினால் சினிமா நாடகத் தொடர்போல் ஆகிவிடும்.

அகலத்திரைப் படத்தில் அடிக் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வரும்போது அதைச் சுற்றி மங்கலான ஒளிமூட்டம் படர்கிறது. இந்த டிவியின் மினி எல்இடி, அதாவது திரைக்குப் பின்னால் மண்டலம் மண்டலமாக எரியும் சிறு விளக்குகளின் இயல்பு அது. ஒரு மண்டலம் எழுத்துக்காக எரிந்தால் பக்கத்துக் கறுப்பையும் தொடும். எழுத்தைச் சாம்பல் நிறமாக்கி, டிவிக்குப் பின்னால் 6500 கெல்வின் விளக்குப் பட்டை ஒன்றை மெல்ல எரியவிட்டதும் மூட்டம் கண்ணை விட்டு மறைந்தது.

ஆகஸ்ட் 9, சனி

தேசிய தின அணிவகுப்பு, மாலை, திரைச்சீலை திறந்தபடி. புரொஜெக்டரில் இந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது. சன்னலோரம் வைத்த சிறு ஆண்டெனா, டிவியின் சொந்த டிவிபி-டி2 (டிஜிட்டல் ஒளிபரப்புத் தரம்) டியூனர். 2019 ஜனவரியில் அனலாக் நின்றபின் இங்கே இதுதான். தமிழ் அலைவரிசையான வசந்தமும் தெளிவாக வருகிறது. வெளிநாட்டிலிருந்து டிவி இறக்குபவர்கள் இந்த டியூனர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிரே சன்னல் இல்லை என்பதால் பிரதிபலிப்பு குறைவு. கூரை விசிறியின் விளக்கு மட்டும் மேல் வலது மூலையில் வட்டமாக விழுகிறது. தாங்கியை 2 பாகை கீழே சாய்த்ததும் வட்டம் சட்டத்தைத் தாண்டி வெளியே போயிற்று.

சாய்ப்பதற்காகக் கை வைத்தபோதே போல்ட்டுகளையும் பார்த்தாயிற்று. மேல்வரிசையில் இரண்டு போல்ட்டுகள் கால் சுற்று இறுகின. ஐந்தாவது அசையவில்லை.