1985 கார்வெட்: ஒரு கியர்பாக்ஸ் நாட்குறிப்பு

அக்டோபர் 3
45 மைல் வேகத்தில் மீண்டும் அதே நடுக்கம்.

அக்டோபர் 4
கியர்பாக்ஸை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று பணிமனையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்ததற்கு மேல் அவர்கள் எதையும் சோதித்ததாகத் தெரியவில்லை. எந்தக் கியரில், எந்தச் சூட்டில், எவ்வளவு மிதித்தால் கோளாறு வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த வண்டியின் தானியங்கி கியர்பாக்ஸான 700ஆர்4, கேபிளாலும் ஆயில் அழுத்தத்தாலும் கியர் மாற்றும் பெட்டி; கணினிக்கு அதில் எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியே இணைக்கும் கன்வர்ட்டருக்குள் உள்ள லாக்-அப் கிளட்சைப் பிடிப்பதும் விடுவதும் மட்டுமே வேலை. கோளாறைத் தேட வேண்டிய இடங்களும் அதற்கேற்பக் குறைவு.

அக்டோபர் 5
காலையில் வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் நடுக்கம் தொடங்கியதும், ஆக்சிலரேட்டரை அசைக்காமல், பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொட்டேன். பிரேக் சுவிட்ச் லாக்-அப் சொலினாய்டுக்கு (மின்காந்த வால்வு) போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதால், கன்வர்ட்டர் கிளட்ச் அந்தக் கணமே விடுபடும். நடுக்கம் நின்றது, எஞ்சின் சுழற்சி சற்றே உயர்ந்தது, காலை எடுத்த சிறிது நேரத்தில் நடுக்கம் திரும்பியது. கன்வர்ட்டர் கிளட்ச்தான் என்று இதோடு முடிவுகட்ட ஆசையாக இருக்கிறது. ஆனால் லாக்-அப் பிடிக்காதவரை எஞ்சின் சரியாக எரியாத சின்னத் தவறல்களை கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் விழுங்கிவிடும். பிடித்த பிறகு அவை அப்படியே உடம்பில் தெரியும். முதலில் பிளக்குகளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பார்த்தாக வேண்டும்.

அக்டோபர் 6
மருத்துவமனையிலிருந்து அண்ணன் அழைத்தார். "ஆயில் என்ன நிறம், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 7
எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பார்க் நிலையில் ஓடவிட்டபடியே ஆயிலைப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது. நிறம் கரும்பழுப்பு, வாடை தீய்ந்த வாடை. அண்ணனிடம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று சொன்னேன்.

அக்டோபர் 9
சோதனை இணைப்பியின் ஏ, பி முனைகளைக் கம்பியால் இணைத்து, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு சிமிட்டுவதை எண்ணினேன். கோளாறு எண்களில் 12 மட்டுமே வந்தது. எஞ்சின் ஓடாதபோது அது வரத்தான் வேண்டும். வேக உணரிக்குரிய 24 வரவில்லை. பிளக், ஒயர், மூடி எல்லாம் புதிதாக மாற்றியும் நடுக்கம் போகவில்லை. ஆக, கன்வர்ட்டர் கிளட்ச்தான்.

அக்டோபர் 11
இரவெல்லாம் அந்தக் கேபிள் நினைவு. நடுக்கத்தைவிட என்னை உறுத்துவது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வண்டி முன்னேறாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் துள்ளி ஏறுவது. எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டிலை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பெட்டிக்குச் சொல்லி, அதற்கேற்ப ஆயில் அழுத்தத்தை உயர்த்த வைப்பது திராட்டில் வால்வு கேபிள். அது தளர்ந்திருந்தால் கியர்கள் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும். ஓட்டுபவருக்கு அது சுகமாகவே இருக்கும். உள்ளேயோ போதிய அழுத்தமில்லாத கிளட்ச் தகடுகள் வழுக்கி வழுக்கித் தீயும். முன்பு எப்போதோ திராட்டிலைக் கழற்றி மாட்டியவர் கேபிளைத் திரும்ப அமைக்கவில்லை என்பது இன்று தெரிந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, கேபிளின் பூட்டை அழுத்தி, நகரும் துண்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளினேன். பூட்டை விட்டபின் திராட்டிலைக் கையால் கடைசிவரை திறந்ததும் கேபிள் படபடவென்று பல் பல்லாக நகர்ந்து தன் இடத்தில் நின்றது. இதற்குக் கருவியே தேவையில்லை! யாரும் இதைச் செய்யவில்லை என்பதுதான் ஆத்திரமூட்டுகிறது.

அக்டோபர் 12
இப்போது கியர் உரிய நேரத்தில், அழுத்தமாக மாறுகிறது. குளிரில் மூன்றாம் கியரும் ஒழுங்காகப் பிடிக்கிறது. அரைமணி நேரம் ஓட்டிச் சூடானதும் அதே துள்ளல்.

அக்டோபர் 14
இரண்டாம் கியர் உறுதியாக நிற்பதால், இரண்டுக்கும் நான்குக்கும் பொதுவான பேண்டை (உருளையை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) சந்தேகிக்க வேண்டியதில்லை. ரிவர்ஸிலும் குறையில்லை. மூன்றிலும் நான்கிலும் வழுக்குகிறது. அவ்விரண்டில் மட்டும் வேலை செய்வது மூன்று-நான்கு கிளட்ச். தகடு தேய்ந்ததா, அழுத்தம் போதவில்லையா என்பதை அழுத்தமானிதான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 15
அண்ணனின் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கிறது. அழுத்தமானி இன்னும் வந்து சேரவில்லை.

அக்டோபர் 17
பெட்டியின் இடப்பக்கத் துளையில் மானியைப் பொருத்தினேன். எஞ்சின் ஓட, வண்டி நிற்கையில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு. கேபிளைக் கையால் முழுவதும் இழுத்தால் 150. பம்ப் நன்றாக இருக்கிறது. ஆனால் பிரதான அழுத்தம் சரியென்றால் அது கிளட்சை அழுத்தும் பிஸ்டன் வரை போய்ச் சேர்கிறது என்று பொருளில்லை. வழியில் ஒரு சீல் கசிந்தாலும் முடிவு இதேதான்.

அக்டோபர் 18
பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினேன். காந்தத்தில் ஒட்டியிருந்த சாம்பல்நிறக் களிம்பு எந்தப் பழைய பெட்டியிலும் இருப்பதுதான், அதற்குக் கவலையில்லை. அடியில் படிந்திருந்த கருந்துகள்களுக்குத்தான் கவலை, அவை கிளட்ச் தகடுகளின் மேற்பூச்சு. ஆகவே பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பணிமனை சொன்ன வேலை சரி. ஆனால் காரணம் தெரியாமல் அவர்கள் அதைச் செய்திருந்தால், புதிய தகடுகளையும் அந்தத் தளர்ந்த கேபிள் தின்றிருக்கும். பழைய கன்வர்ட்டரை மறுபடி போடப்போவதில்லை. ரேடியேட்டரில் உள்ள ஆயில் குளிர்விப்பானையும் கழுவ வேண்டும், இந்தத் துகள்கள் அங்கேயும் போயிருக்கும்.

"சொல், தம்பி, இறக்க வேண்டுமா?" என்றார் அண்ணன். ஆமாம் என்றேன். "நான் வருவதற்குள் ஏற்றிவிடு" என்றார்.

அக்டோபர் 20
எக்ஸாஸ்ட், டிரைவ் ஷாஃப்ட், பின் அச்சுவரை நீளும் சி-பீம் ஆகியவற்றை இறக்கினால்தான் பெட்டி கீழே வரும். எக்ஸாஸ்டின் இரண்டு போல்ட்டுகள் துருவேறி அசைய மறுக்கின்றன. எண்ணெய் தெளித்து விட்டிருக்கிறேன்.