எக்ஸ்சேஞ்சுக்கு டர்பன் போங்கள்

ஒரு தவணை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு எங்கே போகலாம் என்று ஜூனியர்கள் கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் தென்னாப்பிரிக்காவின் டர்பன். சுவீடன், ஹாலந்து, கொரியா எல்லாம் நல்ல இடங்கள்தான், போய் வந்தவர்கள் சந்தோஷமாகவே பேசுகிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு டர்பனில் ஒரு தவணையில் கிடைக்கும் படிப்பு வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் போகிறேன் என்றதும் அம்மா பயந்துவிட்டார். "அங்கதான் நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்காங்களே, ஒண்ணும் ஆகாது" என்று அத்தைதான் சமாதானம் சொன்னார். அத்தை சொன்னது நிஜம்தான். ஆனால் அந்த "நம்ம ஆளுங்க"ளோடு நின்றுவிட்டால் டர்பனில் பாதியைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நம்ம ஆளுங்க கதை. சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றிவந்த முதல் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் படித்த பக்கங்களில் வட ஆற்காடு என்ற ஜில்லா பெயர் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறியதும் அதே ஜில்லாவிலிருந்துதான், அதனால் அதற்கு மேல் பாடக்குறிப்பு எடுக்கிற மாதிரி என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம் மேட்டின் மேல் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். அந்தத் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவு என்று ஓர் இடம். நிறவெறி ஆட்சி 1961ல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி திறந்தது அங்கேதான், பழைய கடற்படைக் கட்டடங்களில். பிறகு அது வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004ல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இப்போது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. நான்கு இனத்துப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம், இதை நேரில் கேட்கும்போது நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்.

தவணை ஜூலைக் கடைசியில் தொடங்கும். அங்கே அது குளிர்காலம், ஆனால் நமக்கு ஆடி. மாரியம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். தமிழ் பேச வராத ஆன்ட்டிகள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்து அவ்வளவு உருக்கமாகப் பாடுகிறார்கள். எனக்குக் கிடைத்த கூழ் கேழ்வரகுக் கூழ் இல்லை, மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சியது, வெள்ளையாக, தயிர் கலந்து, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம். விடுதியில் பக்கத்து அறைத் தோழி ஒரு சூலுப் பெண் (சூலு அந்த ஊரின் ஆப்பிரிக்க இனம்), அவளுக்கும் ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எங்க வீட்டு அமாஹேவு மாதிரியே இருக்கே" என்றாள். அதுவும் மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துச் செய்கிற பானம்தான். அதன்பிறகு எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டியது முழுக்க அவள்தான்.

முதலில் டாக்சி. அங்கே டாக்சி என்றால் வேன். கடைசி வரிசையில் இருப்பவர் காசை முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டிக் கொடுப்பார், அது கைமாறிக் கைமாறி முன்சீட்டுக்குப் போகும், ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பயணி கணக்குப் பார்த்துச் சில்லறையை அதே வழியில் திருப்பி அனுப்புவார். எல்லாம் சூலு மொழியில்தான் நடக்கும். அப்புறம் வார்விக் சந்திப்பு, மூலிகை விற்பவர்கள், துணி தைப்பவர்கள், நெருப்பில் சோளம் சுடுபவர்கள் என்று ஒரு தனி ஊர். அங்கிருக்கும் காலைச் சந்தையில் இந்தியக் கடைக்காரர் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் அடுக்கியிருப்பார், பக்கத்தில் சூலு அம்மா சேப்பங்கிழங்கைக் குவித்திருப்பார், இரண்டு பேரிடமும் இரண்டு பக்கத்து ஆட்களும் வாங்குவார்கள். 2009ல் அதை இடித்து மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டபோது வியாபாரிகள் சேர்ந்து எதிர்த்தார்கள், சந்தை பிழைத்தது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் பிடிக்கும் என்றால் இங்கே ஒரு காலைப்பொழுது முழுக்க இருங்கள்.

கசப்பையும் சொல்ல வேண்டும். 1949 ஜனவரியில் இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். காந்தி 1904ல் அமைத்த ஃபீனிக்ஸ் ஆசிரமம் அந்தப் பகுதியை ஒட்டித்தான் இருக்கிறது. மண்டேலா 1994ல் முதன்முதலாக வாக்களித்த ஓலாங்கே பள்ளியும் பக்கத்திலேயே. சில இந்திய வீடுகளில் சாப்பிடக் கூப்பிட்டுப் பாசமாகப் பரிமாறிக்கொண்டே "அவங்க"ளைப் பற்றிப் பேசும் பேச்சு எனக்குச் சகிக்கவில்லை. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் தோழியை அதே மேசைக்கு அழைத்துப் போயிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்குமா? நம் ஊரில் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசுவதும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

சரி, போகிறவர்களுக்கு. இருட்டிய பிறகு தனியாக நடக்காதீர்கள், கார் ஜன்னலருகே கைத்தொலைபேசியை நீட்டிப் பிடிக்காதீர்கள், அங்குள்ள மாணவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். வீட்டுக்கு அழைக்கும்போது சிங்கப்பூர் ஆறு மணிநேரம் முன்னால் இருக்கும். பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) சாப்பிடப் போனால் கால் ரொட்டியே போதும், குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடி வைத்துத் தருவார்கள், அதைக் குழம்பில் தோய்த்துக் கையால் சாப்பிட வேண்டும். தொடக்கநிலை சூலு பாடம் இருந்தால் எடுங்கள், கிரெடிட் கிடைக்காவிட்டாலும் எடுங்கள். தவணை 90 நாளைத் தாண்டும் என்பதால் மாணவர் விசா வேண்டும். போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், அங்கே பதிவான மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள், எனவே இடம் உறுதியானதும் அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.