தெருக்குழாய்க்குத் திரும்பிப் போகும் தண்ணீர்

வைகை அணையிலும் லோயர் கேம்ப்பிலும் எடுத்து, சுத்திகரித்து, குளோரின் கலந்து மதுரைக்கு அனுப்புகிற தண்ணீர் பல சமயம் கெட்டுப்போவது நம் வாசலுக்கு முந்தைய கடைசிப் பத்தடியில்தான். கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் "மெயின் லைன்ல சாக்கடை கலந்துருச்சு" என்கிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மெயின் லைனுக்குள் அந்த அழுக்கு எந்த வழியாகப் போனது என்று தேடினால், ஏதோ ஒரு வீட்டின் இணைப்பில் போய் நிற்பது நிறைய நடக்கிறது. வீட்டுக்குள் வந்த தண்ணீர் திரும்பித் தெருக்குழாய்க்குப் போகிறது. அடுத்த வீட்டுக்காரர் அதைக் குடிக்கிறார்.

கேனிலிருந்து டியூப் போட்டு மண்ணெண்ணெய் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாயால் ஒருமுறை உறிஞ்சிவிட்டால் போதும், பிறகு தானாக இறங்கும். தண்ணீர் விடும் வால்வை மூடியதும் தெருக்குழாயில் இதேதான் நடக்கிறது. தெருவின் பள்ளமான முனையில் யாராவது குழாயைத் திறந்து வைத்திருந்தால், லைனில் மிச்சமிருக்கும் தண்ணீர் அங்கே வடியும். வடியும்போது மேட்டுப் பக்கத்துக் குழாய்களில் வெற்றிடம் உண்டாகும். தெருவின் இரு முனைகளுக்கும் 3 மீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தால், மேட்டு வீட்டின் குழாயில் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கும் அளவு உறிஞ்சுதல் கிடைக்கும். அந்த நேரத்தில் மேட்டு வீட்டுக் குழாயின் வாய் எதில் மூழ்கியிருக்கிறதோ, அது லைனுக்குள் போகும். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும் ஊரில் எப்போதாவது நடக்கும் இந்த விபத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் ஒவ்வொரு முறை வால்வை மூடும்போதும் நடக்க வாய்ப்புண்டு.

மதுரையில் இதற்கு மிக மோசமான இடம் வாசல் குழி. அழுத்தம் போதாமல் தண்ணீர் மேலே ஏறாததால், வீட்டு முன்னால் இரண்டடி மூன்றடி தோண்டி, குழிக்குள் குழாயை இறக்கி வைத்திருப்பார்கள். குடம் வைக்க வசதியாக இருக்கும். குடம் நிரம்பி வழிந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், பக்கத்து வாறுகாலிலிருந்து கசிந்தது எல்லாம் அதே குழியில் தேங்கும். குழாய் வாய் அதற்குள் முழுகிக் கிடக்கும். பலரும் அந்தக் குழாய்க்குத் திருகு கூடப் போடாமல் திறந்தே விட்டிருப்பார்கள், தண்ணீர் வந்தால் சத்தம் கேட்குமே என்று. வால்வை மூடிய சில நிமிடங்களில் குழியில் இருந்த தண்ணீர் காணாமல் போயிருந்தால் அது மண்ணுக்குள் மட்டும் இறங்கவில்லை.

குழியை மூட முடிந்தால் மூடிவிடுவதே சரி. மூட முடியாத இடத்தில் செய்யக்கூடியது: குழியின் அடியையும் சுவரையும் சிமெண்ட் பூசி, குழாய் வாயைக் குழியின் தரையிலிருந்து குறைந்தது ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். குழியில் தண்ணீர் நிற்காமல் அன்றன்றைக்கு இறைத்துவிடுங்கள். குழியிலிருந்து வாறுகாலுக்கு ஓட்டை போட்டு வடியவிட்டால் மழை நாளில் வாறுகால் குழிக்குள் வரும். அதனால் அந்த வேலை வேண்டாம். குடம் பிடிக்கப் போட்ட டியூபையும் உடனே கழற்றி எடுத்துவிட வேண்டும். குழாய் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் டியூபின் நுனி தரையில் கிடந்தால், குழாய் தரையில் கிடப்பதற்குச் சமம். குழாயைத் திருகி மூடி வையுங்கள். தெருவிலிருந்து வரும் குழாய் வாறுகாலைக் கடக்கிற இடத்தில் பெரிய சைஸ் குழாயை உறையாகப் போட்டு, அந்த நீளத்துக்குள் ஜாயிண்ட் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த உறிஞ்சுதலை இன்னும் மோசமாக்குவது லைனில் நேரடியாகப் போடும் மோட்டார். அரை எச்.பி. மோனோபிளாக்கோ டுல்லு பம்போ, லைனில் தண்ணீர் இருக்கும்போதே வெற்றிடத்தை உண்டாக்கிவிடும். அப்போது தெருவிலுள்ள ஒவ்வொரு கசியும் ஜாயிண்டும் வெளியே விடுவதற்குப் பதில் உள்ளே இழுக்கும். குழாய் புதைந்திருக்கும் மண் சாக்கடை ஊறிய மண்ணாக இருந்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளாட்சிகள் இந்த மோட்டார்களைப் பறிமுதல் செய்வதைப் பலரும் தண்ணீர்த் திருட்டுக்கான தண்டனையாக மட்டும் நினைக்கிறார்கள். நோய் பரவுவதைத் தடுக்கும் வேலையும் அதுதான்.

அடுத்தது சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி. இங்கே ஒரே ஒரு விதி போதும்: உள்ளே வரும் குழாயின் வாய்க்கும் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவில் காற்று இருக்க வேண்டும். பல நாட்டுப் பிளம்பிங் விதிகளில் இருக்கும் அளவு, குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையாமல். அரை இஞ்ச் குழாய்க்கு 30 மி.மீ., முக்கால் இஞ்சுக்கு 40 மி.மீ. கணக்குக்கு அவ்வளவுதான், ஆனால் சம்ப்பில் 10 முதல் 15 செ.மீ. விடுங்கள். காற்றுக்குத் தேய்மானம் இல்லை, அதில் மண் அடைத்துக்கொள்ளாது, அதை யாரும் திறந்து வைத்துவிட்டு மறந்துபோக முடியாது. விலை கொடுத்து வாங்கும் எந்த வால்வும் இந்த இடைவெளிக்கு ஈடாகாது.

சிக்கல் என்னவென்றால், அழுத்தம் குறைவான தெருவில் குழாயை உயர்த்தினால் தண்ணீரே வராது. அதனால் சம்ப்பின் பாதி ஆழத்தில் ஓட்டை போட்டு, சில இடங்களில் அடி வரைக்கும் குழாயை இறக்கிவிடுகிறார்கள். ஓட்டையை அங்கேயே விட்டுவிட்டு, அடி வரை இறங்கும் குழாயை ஓட்டை மட்டத்தில் வெட்டி, தண்ணீர் மட்டத்தைக் குறைப்பதுதான் வழி. மிதவை வால்வின் கையைச் சரிசெய்து, குழாய் வாய்க்கு 15 செ.மீ. கீழேயே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். குழாய் வாய்க்கு மேலுள்ள இடத்தோடு, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சம்ப்பில் இந்த 15 செ.மீ.க்கு இன்னும் சுமார் 340 லிட்டர் கொள்ளளவு போகும். போகட்டும். அப்படிப்பட்ட சம்ப்பில் போர்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ நிரப்பக் கூடாது. மிதவை வால்வு தெருக்குழாயை மட்டும்தான் நிறுத்தும், லாரிக் குழாயை நிறுத்தாது. சம்ப் விளிம்பு தரையிலிருந்து 15-20 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். செல்லூர் போலத் தாழ்ந்த பகுதிகளில் இன்னும் உயரம் வேண்டும், இல்லையென்றால் ஒரே மழையில் தெருவே சம்ப்புக்குள் இறங்கிவிடும். நிரம்பி வழிவதற்கான குழாயைச் சாக்கடையில் நேராக இணைக்காதீர்கள். சாக்கடை அடைத்தால் அது திரும்பி வரும் பாதை அதுவே.

"அதான் என்.ஆர்.வி. போட்டிருக்கோமே அண்ணே" என்பது பிளம்பர்கள் வழக்கமாகச் சொல்வது. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு அது. போட்டிருப்பது நல்லதுதான், இரண்டாவது காவலாக. ஒற்றை என்.ஆர்.வி.யை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கிறது. தகடு மாதிரி ஆடும் கதவு, அதன் மேல் திரும்பி வரும் தண்ணீர் அழுத்தினால்தான் இறுக மூடும். திரும்பி வரும் அழுத்தம் குறைவாக இருந்தால் கதவு சும்மா சாய்ந்து கிடக்கும், ஓரத்தில் கசியும். ஒரு மணல் துகள், துரு, உப்புப் படிவு உட்கார்ந்தாலும் அப்படித்தான். மதுரையின் போர்த் தண்ணீர் உப்பு கதவின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். கதவு வகை வால்வைப் படுக்கைக் குழாயில், அல்லது தண்ணீர் மேலே ஏறும் நிற்கும் குழாயில் மட்டும் போட வேண்டும். தண்ணீர் கீழே இறங்கும் குழாயில் போட்டால் கதவு திறந்தே தொங்கும். வால்வின் மேலுள்ள அம்புக்குறி வீட்டுப் பக்கம் நோக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

என்.ஆர்.வி. வேலை செய்கிறதா என்று அறியச் சோதனைக் குழாய் ஒன்று வேண்டும். தெருப் பக்கம் கேட் வால்வு, அடுத்து ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு அதில் சோதனைக்கான சின்னக் குழாய், அதற்கடுத்து என்.ஆர்.வி., அதன் இரு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு). சோதிக்கும்போது வீட்டுப் பக்கத்தில் தண்ணீர் நிறைந்து அழுத்தத்தோடு இருக்க வேண்டும். கேட் வால்வை மூடிவிட்டு நடுவிலுள்ள சின்னக் குழாயைத் திறங்கள். ஒரு டம்ளர் வடிந்து நின்றால் வால்வு பிடிக்கிறது. நிற்காமல் சொட்டினால் யூனியனைக் கழற்றி வால்வைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இதுவரை சொன்னது உறிஞ்சுவது. தள்ளுவது வேறு. போர்க் குழாயையும் மாநகராட்சிக் குழாயையும் ஒரு டீயில் சேர்த்து, ஆளுக்கொரு கேட் வால்வு போட்டு, ஒரே குழாயில் மாடித் தொட்டிக்கு ஏற்றுவது. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஏற்றும்போது அந்த டீயில் குறைந்தது 1 பார் அழுத்தம் இருக்கும். தெருக்குழாயில் அதே நேரம் 3 மீட்டர், அதாவது 0.3 பார்தான் இருக்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை. மாநகராட்சிப் பக்கத்து வால்வை ஒருநாள் மூட மறந்தால் போர்த் தண்ணீர் தெருவெங்கும் போகும். கேட் வால்வு தேய்ந்து கசிந்தால் மறக்காமலே போகும். இந்த டீயை வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு தண்ணீரும் தனித்தனிக் குழாயில் வந்து, தொட்டியில் மேலிருந்து விழ வேண்டும்.

வீட்டுக்குள்ளே கவனிக்க வேண்டியது கழிவறைக் கைக்குழாய், அதாவது டியூபோடு தொங்கும் ஹெல்த் ஃபாசெட். அது வாளியில் மூழ்கிக் கிடந்து, மாடித் தொட்டியும் காலியாகி, கீழே சமையலறைக் குழாயைத் திறந்தால், வாளித் தண்ணீர் சமையலறைக்கு வரும். மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் கழிவறைக்கும் தனித்தனியாகக் குழாய் இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் தொட்டி வால்வை அடுத்து ஏர் பைப் வையுங்கள், தொட்டியின் நீர்மட்டத்தைத் தாண்டி உயர்த்தி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலை கட்டி. காற்றடைப்பு வராமல் இருக்கத்தான் ஏர் பைப் என்று பலர் நினைக்கிறார்கள். உறிஞ்சுதலை முறிப்பதும் அதுதான், அதனால் "தண்ணி வழியுது" என்று அதை மூடிவிடாதீர்கள்.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். 200 லிட்டர் டிரம்மில் மருந்தை ஊற்றிவிட்டு, ஊராட்சிக் குழாயில் மாட்டிய டியூபை டிரம்முக்குள் போட்டுக் கலக்குவது உயிரோடு விளையாடுவது. முதலில் தண்ணீரை நிரப்புங்கள், டியூபை எடுத்து ஓரமாகப் போடுங்கள், பிறகு மருந்தை ஊற்றுங்கள். டியூபின் நுனி டிரம் விளிம்புக்கு மேலேயே நிற்கும்படி ஒரு கவைக்கம்பில் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. சொட்டுநீரில் உரம் கலக்கும் வெஞ்சுரியைக் கிணற்று மோட்டாரில் மட்டும் இணைக்க வேண்டும், குடிநீர்க் குழாயில் ஒருபோதும் கூடாது. மாட்டுத் தொட்டிக்கும் இதே கதைதான், குழாய் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே.

மருத்துவமனை, சாயப்பட்டறை, பெரிய ஓட்டல் போன்ற இடங்களுக்கு ஆர்.பி.இசட். என்ற கருவி உண்டு. இரண்டு தடுப்பு வால்வுகள், நடுவில் ஒரு வடிகால் வால்வு. தடுப்பு கசிந்தால் அழுக்கு தெருவுக்குப் போகாமல் நடுவிலேயே வெளியே கொட்டிவிடும். ஆனால் அதைக் கடக்கத் தண்ணீர் 0.7 பார் அளவுக்கு அழுத்தத்தை இழக்கும், ஏறக்குறைய 7 மீட்டர். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு மத்திய அரசின் 1999 குடிநீர் வழிகாட்டி நூல் சொன்ன குறைந்தபட்ச அழுத்தமே 7 மீட்டர்தான். ஆகவே மதுரையில் தெருப் பக்கத்தில் இதைப் பொருத்தினால் தண்ணீரே வராது. தெருத் தண்ணீர் காற்றிடைவெளியோடு சம்ப்பில் விழட்டும். கட்டடத்தின் சொந்த பம்ப்பைத் தாண்டி, பாய்லருக்கும் சாயத் தொட்டிக்கும் பிரியும் குழாயில் ஆர்.பி.இசட். வையுங்கள். தரைக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில், குழிக்குள் அல்ல. வருடம் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

பெரிய கட்டடத்தின் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1933இல் சிகாகோவில் நடந்தது சான்று. உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய இரண்டு ஓட்டல்களில் கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி, 98 பேர் இறந்தார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு இணைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தண்ணீர் விடாத நாளில் வாசல் குழாயைத் திறங்கள். ஒரு நிமிடத்துக்கு மேலும் தண்ணீர் வந்தால் அது உங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து வருகிறதா என்று சந்தேகியுங்கள். பள்ளமான முனை வீட்டில் அது லைனில் மிச்சமிருந்த தண்ணீராகவும் இருக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: போர், தண்ணீர் விடும் நாளில் வாசல் குழாய், விடாத நாளில் வாசல் குழாய். கடைசி எண் போர் எண்ணை நோக்கி நகர்ந்திருந்தால் இணைப்பு இருக்க வாய்ப்புண்டு. குளோரோஸ்கோப் (மருந்து விட்டு, வரும் மஞ்சள் நிறத்தை வைத்துக் குளோரினை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் தண்ணீர் வந்து பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம். லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் மஞ்சள் நிறம் வந்து, உங்கள் தெருவில் மட்டும் நிறமே வரவில்லையென்றால், அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது என்று சந்தேகியுங்கள், மாநகராட்சியில் புகார் செய்யுங்கள்.

இணைப்பைச் சரிசெய்த பிறகு சம்ப்பைக் கழுவ வேண்டும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, மேலே ஒருவர் நிற்க, ஒருவர் இறங்க வேண்டும். தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1000 லிட்டருக்கு 25 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 200 கிராம் கலக்க வேண்டும். பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கழிவறை ஆசிட் பக்கத்தில்கூட வரக் கூடாது, விஷ வாயு கிளம்பும். தெருப்பக்கத்து வால்வை மூடிவைத்து, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் முழுக்க இறைத்துக் கொட்டி, ஒருமுறை அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கலாம். அதற்குப் பிறகு வழக்கமான அளவு 1000 லிட்டருக்கு 4 கிராம், போட்டு அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். தண்ணீர் வரும் நாளில் முதல் இரண்டு வாளியைக் குடத்தில் பிடிக்காமல் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலியாகக் கிடந்த லைனுக்குள் புகுந்தது பெரும்பாலும் அந்த இரண்டு வாளியில்தான் முதலில் வரும்.