கொம்புப் பலகையும் திண்ணை மணலும்

1600 வாக்கில் இங்கிலாந்துப் பிள்ளைக்கு முதல் பாடம் கொம்புப் பலகை. கைப்பிடி வைத்த மரத்துண்டு, அதன்மேல் ஒற்றைத் தாள், தாள் கிழியாமல் இருக்க கண்ணாடிபோல் மெல்லிய கொம்புத் தகடு. எழுத்துவரிசை, அடுத்து ‘அப், எப், இப்’ என்று அசைகள், கடைசியில் கர்த்தர் ஜெபம். எழுதுவது பிறகுதான். மதுரைப் பக்கத்துத் திண்ணையிலோ மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சிக்கல் எழுத்தின் பெயரில். நமக்கு ‘க’ என்றால் பெயரும் அதுவே, ஒலியும் அதுவே. அங்கே ‘சி, ஏ, டி’ என்று கூட்டினால் ‘கேட்’ வராது, உருப்போட வேண்டியதுதான். போதாக்குறைக்கு ‘வி’யும் ‘யு’வும் ஒரே எழுத்தின் இரு வடிவம்: சொல்லின் முதலில் ‘வி’, நடுவில் ‘யு’. ‘லவ்’வை எல், ஓ, யு, ஈ என்றே அச்சிட்டார்கள். சிரிக்காதீர்கள், நம் ஓலையிலும் புள்ளி இருக்காது. ‘கெ’வும் ‘கே’வும் ஒரே மாதிரிதான் தெரியும்; ‘கெடு’வா ‘கேடு’வா என்பதை இடம் பார்த்துத்தான் வாசித்தோம்.