தலையில்லாமல் நின்ற தகைவிலான்கள்

நாகோயாவில் வேலை நிமித்தம் தங்கியிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொண்டு கிஃபு மாகாணத்தின் ககாமிகஹாரா விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அருகிலுள்ள விமானத்தளம் 1917 முதல் இயங்கிவருகிறது. உள்ளே ஜீரோ விமானத்தின் மாதிரியைச் சுற்றித்தான் கூட்டம். நான் தேடிப் போனதோ இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியத் தரைப்படைக்காகக் கவாசாகி செய்த போர்விமானமான ‘ஹியென்’, அதாவது பறக்கும் தகைவிலான் குருவி. ஜப்பானில் முழு வடிவில் எஞ்சியிருக்கும் ஒரே ஹியென் இது. 2015 வரை தென் ஜப்பானின் சிரானில் இருந்தது. பின்னர் கவாசாகி நிறுவனமே கோபேயில் அதைச் சீரமைத்தது. இப்போது வண்ணப்பூச்சு ஏதுமின்றி, வெறும் அலுமினியத் தோலோடு நிற்கிறது.

அந்தக் காலத்து ஜப்பானியப் போர்விமானங்களின் உருண்டை முகம் இதற்கு இல்லை. மூக்கு நீண்டு, ஒடுங்கிச் செல்கிறது. புகைபோக்கிக் குழல்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருப்பதைக் கவனித்தால், உள்ளே பன்னிரண்டு சிலிண்டர்களும் தலைகீழ் ‘வி’ வடிவில் தொங்கும் அமைப்பு புரிந்துவிடும். இடப்பக்கம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கான காற்றுவாய். வயிற்றுக்கு அடியில் ரேடியேட்டர். எல்லாம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் 601 எஞ்சினின் வாரிசுரிமை. அதன் உரிமத்தைப் பெற்று, 1941இல் அகாஷி ஆலையில் கவாசாகி தயாரிக்கத் தொடங்கிய எஞ்சினுக்கு ஹா-40 என்று பெயர். புறப்பாட்டின்போது 1,175 குதிரைத்திறன். கடற்படையோ அதே எஞ்சினை ஐச்சி நிறுவனத்தின் மூலம் தனியாக உரிமம் வாங்கிச் செய்தது. நான் தினமும் ரயிலில் கடக்கும் அட்சுடாவின் பெயரே அதற்கும். ஒரே நாட்டின் இரு படைகள் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கட்டியதை என்னவென்று சொல்வது!

வரைபடத்தை வாங்கிவிடலாம், அதில் குறித்த நுண்ணளவை ஆயிரக்கணக்கான முறை பிசகாமல் கடைந்தெடுக்கும் ஆலையை வாங்க முடியாது. ஜெர்மானியர்கள் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைதண்டு சேரும் இடத்தில் உருளை பேரிங்குகளை வைத்திருந்தார்கள். உருளைகள் இம்மியும் வேறுபடாமல் இருந்தால்தான் அவை தாங்கும். அதோடு ஜப்பானில் நிக்கல் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, கிராங்க் ஷாஃப்ட் எஃகில் அதைத் தவிர்த்தார்கள். ஷாஃப்ட்டுகள் முறியத் தொடங்கின. போர்முனையான நியூகினியின் வெக்கையில் எண்ணெய்க் கசிவையும் சூடேறுதலையும் கட்டி மாரடித்தவர்கள் களத்து மெக்கானிக்குகள்தான். ஹியெனின் வடிவமைப்பாளர் டகேயோ டோயின் உடற்கட்டில் குறை சொல்ல அதிகமில்லை என்பதே என் எண்ணம்.

என் முன்னே நின்றது இரண்டாம் வகை ஹியென். அதற்காக 1,500 குதிரைத்திறனுக்கு முறுக்கேற்றப்பட்ட ஹா-140இன் நிலைமை இன்னும் மோசம்: 374 விமான உடல்கள் தயாரான நிலையில், எஞ்சின் கிடைத்தவை சுமார் நூறுதான். மூக்கில் எஞ்சின் இல்லாத மிச்ச உடல்கள் இதே ககாமிகஹாராவில் வரிசைகட்டி நிற்க, அவற்றைத் ‘தலையில்லாதவை’ என்றே அழைத்தார்கள். 1945 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் பி-29 விமானங்கள் அகாஷி ஆலையைக் குண்டுவீசித் தகர்த்தபோது, இனித் தலை வரும் என்ற நம்பிக்கையும் போயிற்று.

ஆனால் மாற்று ஏற்பாடு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 84 செ.மீ. அகலமுள்ள அந்த ஒல்லி உடலில், 122 செ.மீ. விட்டமுள்ள மிட்சுபிஷியின், சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த காற்றுக்குளிர்ப்பு எஞ்சினைப் பொருத்தினார்கள். பானையைக் குடத்தின் கழுத்தில் கவிழ்த்ததுபோல் இருந்திருக்கும். பிப்ரவரி 1 அன்று அது பறந்தது. வேகம் சற்றுக் குறைந்தாலும், எடை குறைந்து, சொன்னபடி கேட்டது. கி-100 எனப்பட்ட அந்த விமானங்களில் எஞ்சியிருக்கும் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

கிளம்புமுன் மீண்டும் ஒருமுறை ஹியெனின் நேர்முன்னே போய் நின்றேன். உடலின் அகலத்தைக் கண்ணால் அளந்து, அதன்மேல் அந்த வட்டத்தை மனத்துக்குள் வைத்துப் பார்த்தேன். இரு புறமும் ஒரு சாண் அளவுக்குப் பிதுங்கியது.