மிக்ஸிக்கு அடியில ஒரு செவப்பு பட்டன்

எங்க வீட்டுக்காரர் இஞ்சினியர். இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, வீட்டுக்கு வர்றவங்ககிட்ட அவரும் மொதல்ல இதத்தான் சொல்லுவார். ஆனா வீட்டுல எது மக்கர் பண்ணாலும் சரி பண்றது என்னவோ கும்பகோணத்துலேர்ந்து சிங்கப்பூருக்கு எங்ககிட்ட விசிட் பாஸ்ல வந்திருக்குற எங்க அத்தைதான்.

போன சனிக்கெழமை ராத்திரி சாப்பாட்டுக்கு ஆளுங்க வர்றாங்க, மீன் கொழம்புக்குத் தேங்கா அரைச்சுக்கிட்டு இருக்கேன், மிக்ஸி டப்புனு நின்னுடுச்சு. ஊர்லேர்ந்து தூக்கிட்டு வந்த மிக்ஸி (அங்கயும் இங்கயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும்தான் மாத்தணும்). இவர் ஸ்க்ரூட்ரைவரோட ஓடிவந்து பிளக்குக்குள்ள இருந்த 13 ஆம்ப் ஃப்யூஸ மாத்திப் பார்த்தார், ஓடல, அப்புறம் யூட்யூப்ல யாரோ ஒருத்தன் இந்தியில மோட்டாரப் பிரிச்சு மேயுறத முழுசா பார்த்துட்டு, "காயில் போச்சு, முஸ்தபா கடையில புதுசு வாங்கிக்கலாம்"னு தீர்ப்பு சொல்லிட்டார். இந்தி தெரியாதுங்குறது வேற விஷயம்.

பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்த அத்தை எந்திரிச்சு வந்தாங்க. பிளக்க உருவினாங்க, ஜார எடுத்து வச்சாங்க, மிக்ஸியத் தலகீழா கவுத்தாங்க. அடியில எண்ணெப் பிசுக்குக்கு நடுவுல சின்னதா ஒரு செவப்பு பட்டன், வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. "செத்த நேரம் சூடு ஆறட்டும்மா"ன்னுட்டு பாக்கி பூண்ட உரிச்சு முடிச்சாங்க, அப்புறம் ஒரு அமுக்கு, டிக். ஜார்ல பாதித் தேங்காய எடுத்துட்டு தண்ணி ஊத்தி ஓட்டினா ஜம்முனு ஓடுது. லோடு ஜாஸ்தியாகி மோட்டார் சூடானா எரிஞ்சு போகாம இருக்க அதுவே கரண்ட்ட கட் பண்ணிக்குமாம். இவர் உடனே, "அதான் நானும் சொல்ல வந்தேன்." எங்க வந்தீங்க?

டிவி ரிமோட்டுக்கு மட்டும் அவரோட வித்தை ஒண்ணு உண்மையிலயே வேலை செஞ்சுச்சு, ஒத்துக்கணும். போன்ல செல்ஃபி கேமராவ ஆன் பண்ணி ரிமோட்ட அதுக்கு நேரா நீட்டி பட்டன அமுக்கினா, ரிமோட் நல்லா இருந்தா நுனியில ஊதாவா ஒரு வெளிச்சம் மினுக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மினுக்கல. தெறந்தா பேட்டரி கசிஞ்சு ஸ்பிரிங் பூரா வெள்ளையா பூத்திருக்கு. பட்ஸ்ல ரெண்டு சொட்டு வினிகர் தொட்டுத் தொடச்சு காயவச்சு புது பேட்டரி போட்டோம், சீரியல் வந்துடுச்சு. அத்தை அதுவரைக்கும் ரிமோட்ட தொடையில தட்டிக்கிட்டு இருந்தாங்க.

அத்தை போன் சார்ஜ் ஏறலன்னு ஒரு நாள் ஒரே பொலம்பல். சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு மரக்குச்சியால, பல்லு குத்துவோமே அதாலதான், சார்ஜர் சொருகுற ஓட்டைய மெதுவா நோண்டினேன். மஞ்சக் கலர் நூலு, பஞ்சு, அது பின்னாடியே விபூதி. ஒரு நெத்திக்குப் பூசுற அளவு விபூதி! சுருக்குப்பையிலயே வச்சிருந்தா வேற என்ன வரும்.

இதெல்லாம் ஓகே, கரண்ட்டு விஷயத்துலதான் மாட்டினார். ஒரு வாரமா காலையில திடீர் திடீர்னு வீடே இருண்டுபோகுது. எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டா வந்து பார்க்கவே காசு, அதனால எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு, பாக்ஸ்ல விழுந்து கெடந்த பிரேக்கரத் தூக்கிவிட்டு, ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தோம். எது போட்டப்ப விழுதோ அதுதான் திருடன். ஃப்ரிட்ஜ் இல்ல, ஹீட்டர் இல்ல, ரைஸ் குக்கர் இல்ல. கடைசியா இவர் ஆசையா ஆன்லைன்ல வாங்கின காப்பி மெஷின். போட்டதும் டப். உள்ள எங்கயோ தண்ணி கசிஞ்சு கரண்ட் எர்த்துல எறங்குதுபோல, அந்த மாதிரி நேரத்துல நம்ம மேல ஷாக் அடிக்காம இருக்கத்தான் அந்த பிரேக்கரே (RCCB-ன்னு சொல்லுவாங்க). 1985 ஜூலைக்கு முந்தி கட்டின வீட்டுல அது இல்லாமலும் இருக்கலாம், இப்ப எல்லா வீட்டுக்கும் கட்டாயம், பழைய ப்ளாட்ல இருக்குறவங்க ஒரு தடவ பாக்ஸத் தெறந்து பாருங்க.

அத்தை மெஷினையும் மகனையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "எவ்ளோடா தம்பி?"

"200 வெள்ளிம்மா."

"வாரண்டி?"

"இருக்கு... பெட்டியோட ரசீதையும் தூக்கிப் போட்டுட்டேன்."

அத்தை ஒண்ணும் சொல்லல, டிக்காஷன் போடப் போயிட்டாங்க.