மாம்பழமும் டிவி செய்தியும்

"கல்லு வெச்ச பழமாக்கா? நேத்து டிவில காட்டுனாங்களே."

செவ்வாய்ப்பேட்டையில் மாம்பழக் கூடை முன்னால் ஒருவர்.

கடைக்கார அக்கா வாதாடவில்லை. ஒரு குண்டு மாம்பழத்தை எடுத்து, காம்புப் பக்கம் திருப்பி நீட்டினார். "மோந்து பாருங்க சாமி."

முகர்ந்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற பாட்டியைப் பார்த்தார். அவர் தலையாட்டிய பிறகுதான் இரண்டு கிலோ வாங்கினார்.

காயைச் செயற்கையாகப் பழுக்க வைக்கும் கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, அந்தச் செய்தி தேவைதான். ஆனால் முடிவெடுக்க வைத்தது பாட்டி.

1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹையோவின் ஈரி மாவட்டத்தில் சமூகவியல் ஆய்வாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு கண்டதும் ஏறக்குறைய இதுவே. வானொலி, பத்திரிகையைவிடப் பழகிய ஆள் பேச்சுதான் வாக்காளர்களிடம் எடுபட்டது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் பொய்ச் செய்திதான் எனக்கு டிவியைவிட அதிகப் பயம் தருகிறது. அனுப்புவது நம் சித்தப்பா ஆயிற்றே!